எங்கள் வாத்துக் குஞ்சுகள் ஆய்வுகூடம் அல்ல

மதிப்புக்குரிய கால்நடைத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு, நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, பச்சை ஷொப்பிங் பையில் மூன்று கிலோ தீவனம் கொண்டுவந்து தந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே ஆள்தான் எழுதுகிறேன், தம்பலகாமத்திலிருந்து.

புது மூட்டை பிரித்த நாலாம் நாள் வாத்துக் குஞ்சுகள் தீனைத் தொடாமல் ஒதுங்கின. அப்புறம் தள்ளாடின. கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு கால் உதறின. 23 குஞ்சில் 19 ஒரு கிழமைக்குள் போய்விட்டன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், ஈரல் வெளிறி மஞ்சளாகக் கிடந்தது. அதே தீனைத் தின்ற பெரிய வாத்துகளுக்கு ஒன்றுமில்லை. மாடுகளும் தப்பின, பால்தான் குறைந்தது.

உங்கள் மேசையில் ஒரு கை அள்ளி மணந்து பார்த்துவிட்டு, "பூஞ்சணம் ஒன்றும் தெரியல்லையே" என்றீர்கள். பூஞ்சணம் செத்தாலும் அது விட்ட நஞ்சு கிடக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சரி, மலைநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம் என்று வாங்கி வைத்தீர்கள். ஐந்து கிழமை கழித்து வந்த பதில்: பைக்குள் வேர்த்து, தந்த மாதிரியிலேயே பூஞ்சணம் பிடித்துவிட்டது, இனிப் பார்த்துப் பயனில்லை. பொலித்தீன் வேண்டாம், கடதாசிப் பையில் கொண்டு வா, மூட்டை வாயில் மட்டும் அள்ளாமல் பல இடத்தில் குத்தி எடுத்துக் கலந்து தா என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு மூலையில் நஞ்சு குவிந்திருக்க மற்ற மூலை சுத்தமாக இருக்கும் சாமான் இது.

அது அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வழியில்லை என்பதுதான் என் முறைப்பாடு. ஆகவே கேட்கிறேன்: தீவனத்தில் நஞ்சு பார்க்கும் வசதியைத் திருகோணமலையிலேயே வையுங்கள்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் கிடந்த அஃப்ளடொக்சின்தான் காரணம். அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவைதான் சீக்கிரம் விழும் என்று. பிறகு எலைசா என்ற ஆய்வுகூடச் சோதனை வந்தது, சில நிமிடத்தில் காட்டும் சோதனைப் பட்டிகளும் வந்தன. எங்கள் ஊரில் மட்டும் அந்தப் பழைய ஆய்வு இன்னும் சிறப்பாக நடக்கிறது. குஞ்சு என்னுடையது, செலவு என்னுடையது, அறிக்கைதான் இல்லை.

குஞ்சோடு முடிந்தாலும் பரவாயில்லை. பசு தின்ற அஃப்ளடொக்சினில் பி1 என்ற வகை, எம்1 என்ற வகையாக மாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. ஐரோப்பாவில் கறவை மாட்டுக் கலப்புத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க விடமாட்டார்கள், அதாவது ஒரு தொன்னுக்கு வெறும் 5 மில்லிகிராம். இங்கே பிள்ளைகளுக்குப் பால் கொடுங்கள் என்று பதாகை கட்டுகிறீர்கள். கட்டடம் திறக்க ரிப்பன் வெட்ட ஆள் வருகிறது, படம் எடுக்க ஆள் வருகிறது, மூட்டையைக் குத்திப் பார்க்க மட்டும் ஆளில்லை. அந்தப் பதாகைத் துணியில் பை தைத்தாலாவது மாதிரி எடுக்க உதவும்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது பெரிய ஆய்வுகூடம் அல்ல. சோதனைப் பட்டி கொஞ்சம், தீவனத்தை அரைக்க ஒரு இயந்திரம், பயிற்சி பெற்ற ஒருவர். மாரிக்கு முன் கடைக்கு வரும் மூட்டைகளில் சிலதையாவது பார்த்து, முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள். பட்டியில் சந்தேகம் வந்ததை மட்டும் மலைநாட்டுக்கு அனுப்பலாம். தயவுசெய்து அந்த வசதியை இங்கேயே வையுங்கள்.

மிச்ச அரை மூட்டை இன்னும் கொட்டிலில் பலகைக்கு மேல் இருக்கிறது. தீத்தவும் பயம், எறிந்தால் பக்கத்து வீட்டுக் கோழி கொத்தும் என்றும் பயம். ஆள் அனுப்பினால் குத்தி எடுத்துத் தருகிறேன், இந்த முறை கடதாசிப் பையில்.

இப்படிக்கு,
தம்பலகாமத்து வளர்ப்பாளர் ஒருவர்