டைகருக்காகச் சத்தத்தைக் குறைத்த எல்லோருக்கும் நன்றி

நுவரெலியா கந்தப்பளைப் பக்கத்து எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) ஆட்களுக்கும், வெளியே இருந்து உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் நாய் டைகர் இப்போது துவக்குச் (துப்பாக்கி) சத்தம் கேட்டால் ஓடி ஒளிவதில்லை. போன கிழமை ராத்திரி மேல் மலையில் வெடி கேட்டதும் காதை நிமிர்த்தினான், பிறகு தின்ன ஏதாவது வருமா என்று என் கையைப் பார்த்தான், அவ்வளவுதான். வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை, ஆனால் ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இவன் பன்றி விரட்டும் நாய். உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி ஒரே ராத்திரியில் கிளறிப்போட்டுவிடும், இவன் இருந்தால் அது கிட்ட வராது. யாரோ அவன் காலடியில் வெடி போட்டதிலிருந்து எல்லாம் போய்விட்டது. லொறிக் கதவைச் சாத்தினாலும், காமன் கூத்துத் திருவிழாவுக்குத் தப்புப் பறை அடித்தாலும் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவான், சோறு தொடமாட்டான்.

பெரியப்பா, முதல் நன்றி உங்களுக்குத்தான். பக்கத்தில் நிறுத்தி நாலு வெடி சுட்டால் தானாகப் பழகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னபோது, பயந்த நாயை மேலும் பயமுறுத்தினால் அது நம்மையும் நம்பாது என்று ஒரே பிடியாக நின்றீர்கள்.

கண்டிக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே டைகருக்கு இடம் கொடுத்த மாமா, நீங்கள் இல்லாவிட்டால் பேராதனை கால்நடை வைத்தியசாலைக்கு அவனை எப்படிக் கொண்டு போயிருப்பேன்? அங்கே டொக்டர் முதலில் காதையும் மூட்டுகளையும்தான் பார்த்தார், உடம்பில் வலி உள்ள நாய்க்குச் சத்தப் பயம் இன்னும் கூடுமாம். மனிதனுக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும், துவக்கு வெடியோ கிட்டத்தில் 140 டெசிபலைத் தாண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கியபோதுதான் அவன் பட்ட பாடு எனக்கு முழுசாக விளங்கியது. பயந்திருக்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்படி இல்லை, தாராளமாகத் தடவுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் கோடி நன்றி.

அப்புறம் லயத்துப் பிள்ளைகளே. டைகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்துக்குப் பழக்க, தூரத்தில் நின்று தட்டில் கரண்டியால் மெதுவாகத் தட்டியது நீங்கள்தான். சத்தம் முதலில், ஈரல் துண்டு உடனே பின்னால், இந்த வரிசை மாறவே கூடாது என்று டொக்டர் சொன்னதைப் பெரியவர்களை விட நீங்கள்தான் சரியாகச் செய்தீர்கள். அவன் உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, ஈரலை வேண்டாம் என்றாலோ பயப்படுகிறான், சத்தத்தோடு அளவுக்கு மீறிக் கிட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம், உடனே பின்னால் போய்விடுவீர்கள். கோழிக்கடை அண்ணன் ஈரலுக்குக் காசே வாங்கவில்லை.

அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருக்கும் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போனில் ஓடவிடும் வெடிச் சத்தம் வேறு, உண்மையான வெடி நெஞ்சில் இடிப்பது வேறு, அதனால் கடைசியில் அவர் உதவி இல்லாமல் முடியாது. பன்றி விரட்டச் சுடும் நாட்களில் எனக்கு முன்கூட்டியே சொல்லி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போய் நின்று சுட்டார். நான் கை காட்டும் வரை ஒரு அடி கிட்ட வரவில்லை. மலை எதிரொலியில் வெடி எந்தப் பக்கம் என்று நமக்கே தெரியாது, நாய்க்கு எப்படி இருந்திருக்கும்! மழை நேரத்திலும் முகம் சுளிக்காமல் வந்தீர்கள் ஐயா.

கோயில் கமிட்டிக்கும் தப்பு அடிக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி, எங்கள் வாசலைத் தாண்டும் வரை கையைக் கட்டிக்கொண்டு நடந்தீர்கள்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. சில இடங்களில் பன்றிக்கு ஹக்க பட்டாஸ் வைக்கிறார்கள். தீனிக்குள் மறைத்து வைக்கும் அந்த வெடி கடித்த வாயிலேயே வெடிக்கும், நாட்டில் எத்தனையோ யானைகள் அதனால் செத்திருக்கின்றன. நாய்க்கும் அதே கதிதான். தயவுசெய்து எங்கள் மலையில் அது வேண்டாம்.

தீபாவளிக்கு வெடி கொளுத்தும் தம்பிமார் கொஞ்சம் முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடுங்கள், ஈரல் வாங்கி வைக்க வேண்டும்.