வாக்குக் கேட்டு வருகிறவர்களே, வாக்குச்சீட்டையும் கொண்டு வாருங்கள்

கொழும்பில் எங்களிடம் தமிழில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களுக்கும், அவர்களுக்காகத் துண்டுப்பிரசுரக் கட்டோடு மாடிப்படி ஏறி இறங்கும் அண்ணாமார் அக்காமாருக்கும்,

வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தேன். அப்புறம் நவம்பர் 14இல் பாராளுமன்றம், 2025 மே 6இல் மாநகர சபை. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதமான வாக்குச்சீட்டு, மூன்று விதமான கணக்கு. மூன்று தடவையும் எங்கள் லேனுக்கு வந்தீர்கள். எந்தச் சின்னம், எந்த இலக்கம் என்று சொன்னீர்கள். நான் போடும் புள்ளடி பெட்டிக்குள் விழுந்த பிறகு அதற்கு என்ன நடக்கும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஜனாதிபதித் தேர்தலையே எடுப்போம். போட்டியிட்டவர்கள் 38 பேர், சீட்டு இரண்டு அடிக்கும் மேல் நீளம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு கட்சி, சித்தப்பாவுக்குச் சங்கு. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனின் சின்னம் அது. "சங்குக்குப் போட்டால் வாக்கு வீண்" என்று அப்பா. "ஒவ்வொரு முறையும் வீண் வீண் என்று சொல்லித்தான் இந்த நிலைமையில் நிற்கிறோம்" என்று சித்தப்பா. சோறு ஆறிப்போகும் வரைக்கும் இதே சண்டை. சங்குக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடிய இருவரில் தனக்குப் பரவாயில்லை என்று தோன்றுகிறவருக்கு 2 போடலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்த வழி 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்த காலத்திலிருந்து இருக்கிறது. யாரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரையும் நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கு விழுந்த இரண்டாம், மூன்றாம் விருப்பை எடுத்துக் கூட்டுவார்கள். அதாவது வீண் என்று அப்பா சொன்ன வாக்கு வீணாகவே வேண்டியதில்லை.

2024இல்தான் இந்த நாட்டில் முதல் தடவையாக அப்படி இரண்டாவது தடவை எண்ண வேண்டி வந்தது. எண்ணிக்கையைப் பாருங்கள். செல்லுபடியான வாக்கு 13,319,616. முதல் இரண்டு இடத்தைப் பிடித்த அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் முதலில் விழுந்ததைக் கழித்தால் மற்றவர்களுக்குப் போனவை 33 இலட்சத்துக்கு மேல். அதில் விருப்பு வாக்காக அநுரவிடம் போய்ச் சேர்ந்தவை 105,264, சஜித்திடம் 167,867. இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு எட்டுத்தான் வருகிறது. மிச்சத்தில் சிலர் 2ஐ இன்னொரு சின்ன வேட்பாளருக்குப் போட்டிருக்கலாம், சிலர் இந்த இருவருமே வேண்டாம் என்று தெரிந்தே விட்டிருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் முப்பது இலட்சம் பேரும் யோசித்துத்தான் விட்டார்கள் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பது விளங்குகிறது. "எங்கள் ஆளுக்கு 1 போடுங்கள், 2 இன்னாருக்குப் போடுங்கள்" என்று சொன்னால் தோற்கப் போகிறோம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பெரிய கட்சிக்காரர்களுக்கோ, 'வீண்' என்ற பயம் இருந்தால்தான் இலாபம். (அந்தத் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று செலவுக்கு வரம்பு வைத்திருந்தார்கள். எங்கள் சந்திக் கடையில் அந்தக் காசுக்கு ஒரு மீன் ரோல்ஸும் பிளேன்டீயும்கூட வராது. ஆனாலும் அதில் ஐந்து ரூபாவை இதை விளக்கச் செலவழித்திருக்கலாம்.)

பாராளுமன்றத் தேர்தல் இன்னும் வேடிக்கை. கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம், ஒரு கட்சிக்கு 21 வேட்பாளர். கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் அந்தக் கட்சியின் ஆட்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு. உங்களில் ஒருவர் தந்த பிரசுரம் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பளபளப்பான தாள், பின்பக்கத்தில் மாதிரிச் சீட்டு. சின்னத்துக்கு நேரே சிவப்பில் ஒரு புள்ளடி, கீழே அவருடைய இலக்கத்தில் இன்னொன்று. மற்ற இருபது இலக்கத்தையும் அச்சடிக்கவே இல்லை, அந்த இடம் வெறும் வெள்ளை. அடுத்த நாள் அதே கட்சியின் இன்னொருவர் வந்தார். அவருடைய தாளிலும் அவர் இலக்கம் மட்டும்தான். முன்னையவரின் போஸ்டர் மேலேயே இவருடைய ஆட்கள் பசை பூசிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரனைவிடச் சொந்தக் கட்சிக்காரன்தான் உங்களுக்குப் பயம் என்று அன்றைக்கு விளங்கியது. எனக்கு மூன்று விருப்பு இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மிச்ச இரண்டும் அந்தச் சொந்தக் கட்சிக்காரனுக்குத்தானே போகும்.

இதில் நட்டம் உங்களுக்கில்லை. இலக்கத்தை மட்டும் மனப்பாடமாக்கிக்கொண்டு போய், இலக்கத்தில் புள்ளடி போட்டுவிட்டுச் சின்னத்தில் போட மறந்தால் அந்தச் சீட்டு அப்படியே நிராகரிக்கப்படும். செப்டெம்பரில் நிராகரிக்கப்பட்டவை 300,300. நவம்பரில் வாக்களிக்கப் போனவர்கள் குறைவு, நிராகரிக்கப்பட்டவையோ 667,240. இரண்டு மடங்குக்கும் மேல். வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கியவர்கள் எல்லாத் தேர்தலிலும் இருப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள்.

தேசியப் பட்டியலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாராளுமன்றத்தின் 225 பேரில் 29 பேர் மாவட்டத்தில் வெல்லாமல், கட்சி நாடு முழுக்க எடுத்த வாக்குக்கு ஏற்ப அப்படி வருகிறார்கள். மாவட்டத்தில் தோற்றவரும் வரலாம், சட்டம் இடம் தருகிறது. வாக்குக் கேட்கும்போதே "தோற்றால் அந்த வழியாகப் போவேன்" என்றோ "போகமாட்டேன்" என்றோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், போதும்.

மாநகர சபைத் தேர்தலில் சீட்டு இலகு. விருப்பு இல்லை, ஒரே ஒரு புள்ளடி. கணக்குத்தான் சிக்கல். அறுபது வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், நாற்பது வீதம் பட்டியலில் வருகிறவர்கள். அந்தப் பட்டியலில் யாரை உள்ளே அனுப்புவது என்று தேர்தல் முடிந்த பிறகு கட்சிதான் தீர்மானிக்கும். சரி, அதையும் ஏற்றுக்கொள்வோம். எனக்குச் சகிக்காதது அதற்குப் பிறகு நடந்தது. கொழும்பு மாநகர சபையில் 117 பேர். அதிக ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்திக்கு 48, பெரும்பான்மை இல்லை. ஜூன் 16இல் மேயரைத் தெரிய இரகசிய வாக்கெடுப்பு வைத்தார்கள். 61க்கு 54 என்று முடிவு வந்தது. யார் வென்றது சரி என்பது என் பிரச்சினை இல்லை. நான் யாருக்குப் போட்டேன் என்பது இரகசியமாக இருக்க வேண்டும், என்னை யாரும் மிரட்டக் கூடாது என்பதற்காக. ஆனால் நான் அனுப்பிய உறுப்பினர் யாருக்குப் போட்டார் என்பதும் எனக்கு இரகசியம் என்றால், அடுத்த முறை அவர் வாசலில் வந்து நிற்கும்போது நான் எதை வைத்து அவரை எடைபோடுவது? எங்கள் வட்டாரத்தில் வென்றவரிடமிருந்து இதற்கு ஒரு வரிகூடப் பதில் வரவில்லை.

இன்னொன்று. ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்தவர்கள் எங்கள் கானைத் துப்புரவாக்கித் தருவதாகச் சொன்னீர்கள். மாநகர சபைக்கு வந்தவர்கள் புதிய அரசியலமைப்பைப் பற்றிக் கதைத்தீர்கள். கானும் குப்பையும் மாநகர சபையின் வேலை, அரசியலமைப்பு பாராளுமன்றத்தின் வேலை. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள்.

வாக்கில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று என் கூட்டாளிகள் கேட்கிறார்கள். எங்கள் பாட்டி ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிடம் பறித்த பிரஜாவுரிமையை 1988ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பித் தந்த பிறகுதான், நாற்பதை எட்டும் வயதில், அவர் முதல் வாக்கைப் போட்டார். பாட்டிக்கு விருப்பு வாக்கும் தெரியாது, பட்டியலும் தெரியாது. ஆனால் வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் அடையாள அட்டையோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். அவரிடமும் நீங்கள் இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அடுத்தது மாகாண சபை. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில், அப்போது நான் தரம் 3. 2019இல் அதன் காலம் முடிந்ததிலிருந்து ஆளுநர்தான் பார்த்துக்கொள்கிறார். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், 2018 ஓகஸ்டில் அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. கொண்டு வந்தவர்களும் சேர்ந்துதான் தோற்கடித்தார்கள். பழைய முறையா, புதிய முறையா என்பது எப்படி முடிந்தாலும், அந்தத் தேர்தல் வரும்போது என் வயதுக்காரர் கையில் நாலாவது வாக்குச்சீட்டு ஒன்று இருக்கும்.

அதனால் கேட்பது இதுதான். வரும்போது முழு மாதிரிச் சீட்டைக் கொண்டு வாருங்கள், எல்லாக் கட்சியும் எல்லா இலக்கமும் உள்ளதை. எத்தனை புள்ளடி போடலாம், எதைப் போட்டால் கழிந்துபோகும், போட்டது எப்படி எண்ணப்படும், உங்களுக்குப் பாதகமான பகுதி உட்பட, எங்கள் முன்னால் தமிழில் சொல்லுங்கள். கேட்கிற பதவியால் செய்யக்கூடியதை மட்டும் வாக்குறுதி கொடுங்கள். சபைக்குள் யாருக்குக் கை உயர்த்துவீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் நல்லது. அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள், இரண்டு பேருக்கும் ஒரேயடியாக விளக்கிவிடலாம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு புதிய வாக்காளர்