கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சம்பளம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். பாத்திரக் கடை, மளிகை, ஹார்டுவேர் என்று எந்தக் கடையின் சம்பளப் பட்டியலை எடுத்தாலும் ஒரு பெயர் மட்டும் இருக்காது. காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து ராத்திரி கல்லாவை எண்ணி முடிக்கிறவரை கூடவே நிற்கிற முதலாளி மகனின் பெயர். கேட்டால், "எல்லாம் அவனுக்குத்தானே சார், அவனுக்கு எதுக்குச் சம்பளம்?" என்பார்கள்.

சரி, எல்லாம் அவனுக்குத்தான், ஆனால் எப்போது? அப்பா கல்லாவை விட்டு எழுந்திருக்கும்போது பிள்ளைக்கு நாற்பது தாண்டியிருக்கும். அதுவரை பெட்ரோலுக்கும் பெண்டாட்டிக்குப் புடவை எடுக்கவும் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் வருமான வரிக் கணக்கு எங்கே என்பார்கள், இவனிடம் ஒரு தாளும் இருக்காது. அப்புறம் பாகப்பிரிவினை. சென்னையில் கம்பெனி வேலை பார்த்துத் தனியாகச் சேர்த்துக்கொண்ட தம்பிக்கும், பதினைந்து வருஷம் கடையிலேயே கிடந்த அண்ணனுக்கும் சரிபாதி என்றால் அண்ணனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

மகள்களின் கதை இன்னும் மோசம். பி.காம் முடித்துவிட்டு பில் போடுவது, சரக்கு ஆர்டர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் பார்க்கிற பெண்ணை "கல்யாணம் ஆகிறவரை சும்மா கடைக்கு வர்றா" என்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அவள் பார்த்த வேலைக்கான கூலியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

வரிக்குப் பயந்து எழுதாமல் இருப்பதாகச் சொல்பவர்களுக்கு ஒன்று. வளர்ந்த பிள்ளை உண்மையாகவே வேலை செய்தால் அந்தச் சம்பளம் தொழில் செலவுதான், லாபத்தில் கழியும். செய்கிற வேலைக்குப் பொருந்தாத பெரிய தொகையை எழுதினால்தான் அதிகாரி மிகையான பகுதியை ஏற்க மாட்டார். ரொக்கமாக ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் செலவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் வங்கிக் கணக்கில் போடுவதே நல்லது.

நான் சொல்வது பதினெட்டு தாண்டிய பிள்ளைகளைப் பற்றி. 14 வயது ஆகாத குழந்தைகள் குடும்பத் தொழிலில் உதவ 2016 சட்டத் திருத்தம் இடம் கொடுத்தாலும், பள்ளி நேரத்திலும் இரவு 7 முதல் காலை 8 வரையும் கூடாது, நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. தீபாவளி நேரத்தில் ராத்திரி பத்து மணிக்கு எட்டாம் வகுப்புப் பையன் பொட்டலம் மடிப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம்.

"கையில் காசு கொடுத்தால் கெட்டுப்போவான்" என்று ஒரு முதலாளி சொன்னார். அவர் கடையில் அதே வயதுப் பையன்கள் நாலு பேர் மாதா மாதம் சம்பளம் வாங்குகிறார்கள். வருகிற ஏப்ரலில் புதுக் கணக்கு போடும்போது அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக மகன் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர், கும்பகோணம்