எங்கே போட்டு வைப்பது? இலங்கை மத்திய வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். எங்கள் அங்கத்தவர்கள் தோட்டம் செய்பவர்கள், தையல் தைப்பவர்கள், ஓய்வூதியக்காரர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் காசில் சீவிப்பவர்கள். முன்பெல்லாம் கடன் கேட்டு வருவார்கள். இப்போது கையில் இருக்கும் சிறு தொகையை எங்கே போட்டு வைப்பது என்று கேட்டு வருகிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி உங்கள் அலுவலகத்தில் இருப்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் 10 இலட்சம் ரூபாயை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டவருக்கு ஆறு, ஏழு வீத வட்டிதான் கிடைத்தது. மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கை தளர்ந்தது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரலில் நீங்கள் பொறுப்பேற்ற கையோடு வங்கி வட்டிகளை வழிநடத்தும் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தினீர்கள். அது வேண்டியிருந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முன்பே போட்டவரின் காசு பழைய வட்டியிலேயே கட்டுண்டு கிடந்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். வருட முடிவில் அவர் வட்டியோடு எடுத்த தொகைக்கு, போட்ட அன்று வாங்கக்கூடிய சாமான்களில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. யாரும் அவரிடமிருந்து ஒரு சதமும் களவெடுக்கவில்லை. புத்தகத்தில் கணக்கு சரியாகவே இருந்தது.

சேமிப்பைத் தங்கத்திலும் காணியிலும் முடக்காமல் நிதி முறைமைக்குள் கொண்டுவாருங்கள் என்று கருத்தரங்குகளில் எங்களுக்குச் சொல்கிறார்கள். எங்கள் சனம் விவரம் தெரியாமல் நகை வாங்கவில்லை. 1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து இரவோடு இரவாகத் தென்மராட்சிக்கு வந்தவர்கள் காணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். கழுத்திலும் கையிலும் கிடந்தது மட்டும் கூட வந்தது. காணி உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் பல ஆண்டுகள் தன் காணிக்குள் கால்வைக்க முடியாத குடும்பங்கள் வலிகாமம் வடக்கில் எத்தனையோ. அதற்காக நகை பத்திரமானது என்றும் சொல்லிவிட முடியாது. போர்க்காலத்தில் புலிகள் நடத்திய வைப்பகம் என்ற வங்கியில் வன்னி மக்கள் அடகு வைத்த நகைகள் என்னவாயின என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். 2009இல் இராணுவத்தின் கைக்குப் போன நகைகளில் ஒரு தொகுதி 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. உரியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. ஆகவே எங்கள் அங்கத்தவர்கள் வங்கி, நகை, காணி மூன்றிலும் அடிபட்டவர்கள். அறிவுரை சொல்பவர்கள் அதை அறிந்து பேசினால் நல்லது.

2023 யூன் கடைசியில், அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளை ஐந்து நாள் மூடி வைத்து, வைப்புகளில் கைவைக்க மாட்டோம் என்று உறுதி சொன்னீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றினீர்கள். ஆனால் சுமை, தொழிலாளர் ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியின் தலையில் இறங்கியது. கையிலிருந்த பிணைமுறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி என்ற நிபந்தனைக்கு முன்னால் அந்த நிதிக்கு என்ன தெரிவு இருந்தது? குறைந்தது 9 வீதம் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது, பிந்திய ஆண்டுகளில் அதைவிடக் கூடவும் கிடைத்தது. என் ஆற்றாமை அந்த வீதத்தைப் பற்றியதல்ல. ஆடைத் தொழிற்சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டக் கொடுத்த மனிதரிடம், உன் காசை இப்படிச் செய்யப்போகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விரும்பினாலும் அவரால் அந்தக் காசை வேறிடத்துக்கு மாற்ற முடியாது.

இனி எங்கள் மேசைக்கு வந்த ஒரு தாளைப் பற்றி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பணிக்கொடையில் 28 இலட்சத்தை ஒரு நிதிக் கம்பனியில் போட்டிருந்தார். வங்கியைவிட ஒன்றரை வீதம் கூட வட்டி. சாவகச்சேரி, யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டிருந்தார். ஒன்றில் பிரச்சினை வந்தாலும் மற்ற இரண்டும் தப்பும் என்பது அவருடைய கணக்கு. சான்றிதழின் முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் வட்டியும் முதிர்வுத் திகதியும். பின்பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஆங்கில நிபந்தனைகள். நிறுவனம் முறிந்தால் வைப்பாளருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கும் வைப்புக் காப்புறுதி பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். அந்தத் தாளில் இல்லை. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 11 இலட்சம்தான், எத்தனை கிளையில் போட்டாலும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்று சொன்னபோது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் மிச்சப் பதினேழுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

இது வெறும் பயம் அல்ல என்று உங்களுக்கே தெரியும். பிரமுக வங்கி 2002இல் மூடப்பட்டது. த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கியே 2020 மே மாதத்தில் இரத்துச் செய்தது. அப்போது காப்புறுதி எல்லை 6 இலட்சம். அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் கம்பனியின் சொத்துகள் விற்றுத் தீரும்வரை காத்திருக்க விடப்பட்டார்கள். 2021இல் மத்திய வங்கி எல்லையை 11 இலட்சமாக உயர்த்தியது. அதன் பிறகு விலைவாசி ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. அன்று கொடுத்த பாதுகாப்பில் பாதியை விலைவாசி தின்றுவிட்டது. ஒரு பவுண் நகை 3 இலட்சத்தைத் தாண்டிய நாட்டில், 11 இலட்சம் என்பது நான்கு பவுண் கூட இல்லை.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தின்படி, பணவீக்கம் 5 வீத இலக்கைவிட்டுத் தொடர்ந்து விலகினால் நீங்கள் பாராளுமன்றத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. விலைவாசிக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்ட அதே நிறுவனம், விலைவாசியால் கரைந்துபோன காப்புறுதி எல்லையை மட்டும் ஏன் அப்படியே விட்டு வைக்க வேண்டும்? ஆண்டுக்கொருமுறை விலைச் சுட்டெண்ணோடு சேர்த்து அதுவும் உயரட்டும். அதற்காக வங்கிகள் கட்டும் தவணைப் பணம் கூடும், எங்களுக்கு வட்டி கால் வீதம் குறையலாம். குறையட்டும். எங்கள் அங்கத்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலானோர் அதற்குச் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சான்றிதழின் முன்பக்கத்திலேயே, வட்டி வீதத்துக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இந்த வைப்பில் எவ்வளவு காப்புறுதி பெற்றது, எவ்வளவு பெறாதது என்று அச்சிடச் சொல்லுங்கள். மொத்தத் தொகை எல்லையைத் தாண்டும்போது கருமபீடத்தில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்லி, வைப்பாளரிடம் ஒப்பம் வாங்கட்டும். பிரமிட் திட்டங்களில் ஏமாறாதீர்கள் என்று பத்திரிகைகளில் விளம்பரம் போடுகிறீர்கள். உரிமம் பெற்ற இடத்தில் எவ்வளவு பத்திரம் என்று தெரியாதவருக்கு, உரிமம் இல்லாதவன் சொல்வதும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

கடைசியாக எங்கள் சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற சங்கங்களும் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் உங்கள் மேற்பார்வையில் இல்லை, கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறோம். உங்கள் காப்புறுதித் திட்டத்திலும் எங்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் இதை அங்கத்தவர்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறோம். சொன்ன பிறகும் அவர்கள் எங்களிடம் போடுகிறார்கள், ஏனென்றால் ஏட்டை எந்த நேரமும் திறந்து பார்க்கலாம், எழுதியவரை வீதியில் மறித்துக் கேட்கலாம். கிராமத்தின் ஏழைச் சேமிப்பாளர்களில் கணிசமானோர் இருப்பது இங்கேதான். கூட்டுறவுத் திணைக்களத்தோடும் மாகாண சபை நிர்வாகத்தோடும் பேசி, கணக்காய்வு ஒழுங்காக நடக்கும் சங்கங்களுக்காவது ஒரு காப்புறுதி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கிறேன். அதற்கு எந்த நிபந்தனை விதித்தாலும் எங்கள் ஏடுகளைக் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறோம்.

அந்த ஆசிரியையின் முதல் வைப்பு வரும் தை மாதம் முதிர்கிறது. அதற்கு முன் உங்களிடமிருந்து தமிழில் ஒரு பதில் வந்தால் அவரிடம் வாசித்துக் காட்டுவேன்.

இங்ஙனம்,
சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொருளாளர்,
தென்மராட்சி