வேட்டை நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதாமாதம் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையில் நாய்களின் உடம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த ஆண்டு நடந்ததைப் பார்த்த பிறகு வேறு எதைப் பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மின்னல். நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் மூன்று வயது ஆண் நாய், எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னதே அவர்தான். இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு முதல் நாள் அவிழ்த்துவிட்டிருக்கிறார், காலை வெயில் ஏறிவிட்டது, காற்றில் ஈரமும் அதிகம். நாய் ஓடி முடித்துத் திரும்பி வந்தது, மூச்சிரைப்பு அடங்கவில்லை, நாக்கு செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது, பின்னங்கால் தள்ளாடியது. அவர் பதறிப்போய் அதை அப்படியே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். போய்ச் சேர முக்கால் மணி நேரம். மேசையில் கிடத்தும்போதே உயிர் இல்லை.

அன்று ஓடிய இடத்திலேயே தண்ணீர் இருந்தது. அதைத்தான் நாம் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும், அப்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆகவே முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், வயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், கூடவே விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியே சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள், அதைக் கேட்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். வெப்பம் 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். எழுந்து நின்றுவிட்டது, வாலாட்டுகிறது என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் ரத்தம் உறைவதிலும் சிறுநீரகத்திலும் வரும் கோளாறு ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வெளிப்படும்.

இன்னொன்று, நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. சூட்டை வெளியேற்ற அதற்கு மூச்சிரைப்பை விட்டால் பெரிய வழி இல்லை, காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக வேலை செய்யாது. வெயில் குறைவாக இருக்கிறதே என்று நினைத்து புழுக்கமான நாளில் அவிழ்த்துவிடுவது அதனால்தான் ஆபத்து. அதுவும் வேட்டை நாய் தானாக நிற்காது. முயலோ துணிப் பொம்மையோ, கண் முன்னால் ஒன்று ஓடுகிற வரைக்கும் இதுவும் ஓடும். நிறுத்த வேண்டியவர்கள் நாம்.

இதற்குப் பிறகு கூடிய கூட்டத்தில், ஓய்வில் இருந்த எந்த நாயையும் ஆறு முதல் எட்டு வாரம் தயார் செய்யாமல் முழு ஓட்டத்துக்கு விடுவதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். முதல் இரண்டு வாரம் கயிற்றில் பிடித்து நடை, அப்புறம் சைக்கிளோடு மெதுவான ஓட்டம், கடைசியில்தான் அவிழ்ப்பு. கொஞ்சம் கெட்டியான தரையில் நடத்தினால் பாதமும் காய்த்துக்கொள்ளும். ஓய்வுக் காலம் முழுக்கப் பஞ்சு மாதிரி தரையில் கிடந்த நாயை முதல் நாளே சரளையில் விட்டால் பாதத் தோல் உரிந்து வரத்தான் செய்யும்.

எடை பார்க்கும் நாளை இந்த ஆண்டுதான் தொடங்கினோம், நன்றாகவே போனது. ஆனால் விலா தெரிகிற நாய் பட்டினி கிடக்கிறதா என்று அன்று வந்த வாக்குவாதத்துக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். உடல்வாகை 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகப் பருமன்) வரை மதிப்பிடும் முறையில் 4, 5 என்பதுதான் சரியான நிலை. விலாவின் மேல் விரல்களைத் தட்டையாக வைத்து மெல்ல ஓட்டினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். கிரேஹவுண்டு போலப் பார்வையால் துரத்தும் இனங்களில் கடைசி ஒன்றிரண்டு விலாவும் இடுப்பெலும்பின் முனைகளும் கண்ணுக்கே தெரியும், அது பட்டினி இல்லை. பக்கத்து வீட்டார் பாவம் என்று சொன்னார்கள் என்பதற்காக அதற்கு இரட்டைச் சாப்பாடு போட வேண்டாம். பீகிள் போன்ற மோப்ப நாய்களின் கதை நேர் எதிர், அவை கிடைத்ததையெல்லாம் தின்னும், ஓட்டம் இல்லாத மாதங்களில் அளவைக் குறைக்காவிட்டால் உருண்டுவிடும். எலும்பு தெரிவதோடு தொடைத் தசையும் கரைந்து, முதுகுத்தண்டு மேடாகத் தெரிகிறதா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும், முதலில் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கிரேஹவுண்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவற்றின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாகவும் இருப்பது இயல்பு, தைராய்டு அளவும் தாழ்ந்தே இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பயந்து ஓர் உறுப்பினர் தேவையில்லாமல் பல வாரம் தைராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கும் முன்பும் என்ன இனம் என்று சொல்லிவிடுங்கள். தயோபென்டால் வகை மருந்திலிருந்து இவை தெளிய நெடுநேரம் எடுக்கும்.

சாப்பாட்டில் நான் கண்ட பெரிய தவறு நேரம்தான். ஓடப் போகிற நாய்க்கு வயிறு நிறையப் போட்டு அனுப்புகிறார்கள், பலம் வேண்டுமாம். ஆழமான மார்புள்ள இந்த இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். பெரிய உணவுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் பல மணி நேரம் இடைவெளி இருக்கட்டும், ஓடி வந்த பிறகும் மூச்சு அடங்கி உடம்பு ஆறிய பிறகே தட்டு வையுங்கள். வாந்தி வருவது போல ஓங்கரிக்கிறது, ஆனால் எதுவும் வெளியே வரவில்லை, வயிறு மத்தளம் போல இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது அறுவை சிகிச்சை இல்லாமல் சரியாகாது. தண்ணீர் அப்படியில்லை, ஓட்டத்தின் நடுவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தேடி அலையும் மோப்ப நாய்க்குக் கொழுப்புதான் நின்று எரியும் எரிபொருள், ஒரே மூச்சில் பாய்ந்து முடிக்கும் நாய்க்கு அந்த அளவு கொழுப்பு வேண்டியதில்லை.

அடுத்தது உண்ணி, இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஓர் உறுப்பினரின் நாய்க்கூடத்தில் வரிசையாக மூன்று நாய்களுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. எர்லிக்கியா, உண்ணிக் காய்ச்சல். நாய்களுக்கு மருந்து பூசியாகிவிட்டது, குளிப்பாட்டியாகிவிட்டது, ஆனாலும் உண்ணி போன பாடில்லை. நானும் துணைச் செயலாளரும் போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். நாய் படுக்கும் உயரத்தில் ஒன்றுமே இல்லை. தலைக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் விரிசலில், காரை பெயர்ந்த இடத்தில், மிளகைக் கொட்டி வைத்தது போல அப்பிக்கொண்டிருந்தன. ஒரு குச்சியால் கிளறியபோது மணல் மாதிரிப் பழுப்பு முட்டைகள் உதிர்ந்தன. பழுப்பு நாய் உண்ணியில் ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும், ரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கிச் சுவரில் ஏறிவிடும், காடு மேடு எதுவும் தேவையில்லாமல் கட்டடத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். விரிசல்களைப் பூசி அடைத்து, சுவருக்கும் மருந்தடித்து, இரண்டு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப அடித்த பிறகுதான் ஓய்ந்தது. அடிக்கும்போது நாய்கள் உள்ளே இருக்கக் கூடாது, பெர்மெத்ரின் கலந்தது என்றால் வீட்டுப் பூனையை அந்தப் பக்கமே விடக் கூடாது, அதற்கு அது விஷம். இந்தக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை மருத்துவர்கள் வழக்கமாக 28 நாள் எழுதுவார்கள். நான்காம் நாளே நாய் துள்ளும், அப்போது நிறுத்திவிடாதீர்கள். அந்த மூன்று நாய்களில் ஒன்றுக்கு நோய் திரும்பியது அப்படித்தான்.

பச்சைக் கறி விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடுவதை விட்டுவிடுங்கள். அதிலுள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் சின்ன நாடாப்புழு வளரும், நாய்க்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அதன் மலத்தில் வரும் முட்டை நம் குழந்தைகளின் கைக்குப் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாகும். பிராசிகுவாண்டல் கலந்த புழு மருந்தை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் அந்தச் சங்கிலி அறும். இங்கிலாந்தில் 2016 கடைசியில் தொடங்கி ஒரு நரிவேட்டைக் கூட்டத்து நாய்களுக்கு மாட்டுக் காசநோய் பரவி, ஏராளமான நாய்களைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. பச்சையாகப் போட்ட இறைச்சிதான் அங்கே முதல் சந்தேகம். காட்டுப் பன்றியின் பச்சை இறைச்சியிலிருந்து ஔஜெஸ்கி நோயும் வரும், முகத்தைப் பிறாண்டிப் பிறாண்டி இரண்டு மூன்று நாளில் நாய் போய்விடும், மருந்து கிடையாது. வேக வைத்துப் போடுங்கள். அதனால் நாயின் வேகம் குறைந்துவிடாது.

தடுப்பூசி முகாம் இரண்டு முறை நடந்தது, இரண்டாவதுக்கு வந்தவர்கள் குறைவு, அதில் எனக்கு வருத்தம். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கு ஊசி வந்ததே வேட்டை நாய் வளர்த்தவர்களால்தான். நாய்க்கூடங்கள் காலியாவதைப் பார்த்து 1923இல் பிரிட்டனில் 'தி ஃபீல்டு' என்ற இதழ் நிதி திரட்டியது, அந்தப் பணத்தில் லெயிட்லா, டன்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சில ஆண்டுகளில் தடுப்பூசியை உருவாக்கினார்கள். அவர்கள் கீரி போலத் தோற்றமுள்ள ஃபெரட் என்ற விலங்குகளை வைத்துச் செய்த வேலைதான், 1933இல் மனிதரின் இன்ஃபுளுவென்சா வைரஸைப் பிரிக்கவும் வழிகாட்டியது. நம்மைப் போன்றவர்கள் காசு போட்டு வாங்கித் தந்த ஊசியை நாமே போடாமல் விடலாமா? குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும் வரை தொடர்ந்து போட வேண்டும், ரேபிஸும் எலிக்காய்ச்சல் ஊசியும் தவறக் கூடாது. ஓடையிலும் சேற்றிலும் புரளும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் வேண்டும்.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்கிறேன். என் பெட்டை நாய் நொண்டியபோது, ஒரு மருந்துக்கடையில் மனிதருக்கான வலி மாத்திரையை 'பாதி கொடுங்க, ஒண்ணும் ஆகாது' என்று எடுத்து நீட்டினார்கள். ஐபுபுரொஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் முன்னங்காலின் விரலிடுக்கை விரித்துப் பார்த்தேன், பட்டாணி அளவில் ஒரு வீக்கம், நடுவில் ஊசிமுனைத் துளை, அழுத்தினால் கொஞ்சம் நீர். மருத்துவர் கீறி எடுத்தது ஒரு புல்லின் கதிர். அதன் சுணைகள் எல்லாம் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் உள்ளே போகுமே தவிர வெளியே வராது, விட்டால் தசை வழியாக எங்கெங்கோ ஊர்ந்துவிடும். காதுக்குள் போனாலும் இதே கதைதான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கும். ஓடிவிட்டு வந்த அன்றே நாலு பாதத்தின் விரலிடுக்கு, காதின் உள்பக்கம், ஈறின் நிறம், அக்குள், தொடையிடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள், பதினைந்து நிமிடம் போதும். பன்றிக் கொம்பு குத்திய காயம் வெளியே பொத்தான் அளவுதான் தெரியும், உள்ளே ஒரு விரல் ஆழம் இருக்கும்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலைகள். எடை பார்க்கும் நாள் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நடக்கும், வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள். சங்கத்துக்கு வெப்பமானி நான்கு வாங்கியிருக்கிறோம், பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கையில் ஒன்று இருக்கும், இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டும் கூடவே வரும். மழைக்கு முன்னால் எல்லோருடைய கூடத்துச் சுவர்களையும் டார்ச்சோடு வந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம், உங்கள் வீட்டுக்கு எந்த நாள் சரிப்படும் என்று துணைச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். மின்னலை வளர்த்தவர் அடுத்த மாதம் ஒரு குட்டி எடுக்கிறார். அதன் முதல் ஊசிக்கு நானும் கூடப் போகிறேன்.

செயலாளர்