மழை பெய்த அன்றே எச்சரிக்கைப் பலகை வையுங்கள்

ஆசிரியருக்கு,

கனமழைக்குப் பின் 'கடலில் குளிக்க வேண்டாம்' என்ற அறிவிப்பு பல இடங்களில் எப்போது வருகிறது? தண்ணீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு. தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் என்டரோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்து எண்ணும் வழக்கமான சோதனைக்கே சுமார் 24 மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகள் குளித்து, உப்புத் தண்ணீரை நாலு வாய் குடித்து, வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கழிவுநீர் கடலில் கலப்பதை எதிர்பாராத விபத்து போலவே பேசுகிறோம். பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். அது கொள்ளாதபோது சாக்கடை வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாமலிருக்க, ஆற்றிலோ கடலிலோ வழியும்படிதான் கட்டியே வைத்திருக்கிறார்கள். தனித்தனிக் குழாய் போட்ட ஊர்களும் தப்புவதில்லை. குழாய் விரிசல், மேன்ஹோல் மூடி, அப்புறம் மாடித் தண்ணீரைச் சத்தமில்லாமல் சாக்கடையில் சேர்த்துவிட்ட இணைப்புகள் என்று எத்தனையோ வழியாக மழைநீர் உள்ளே புகுந்துவிடும். பம்ப் தாங்காது.

இதைச் சரிசெய்யக் காலமும் பணமும் கொட்ட வேண்டும். 2024 ஒலிம்பிக்குக்காகப் பாரிஸில் மழைநீரைத் தேக்கி வைக்க ராட்சதத் தொட்டியே கட்டினார்கள். அப்படியும் மழை பெய்ததும் சீன் நதி கெட்டு, அதில் நீந்த வேண்டிய ஆண்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) ஒரு நாள் தள்ளிப்போனது.

ஆனால் எச்சரிக்கை செய்யப் பெரிய செலவு இல்லை. சிட்னியில் கனமழைக்குப் பின் திறந்த கடற்கரைகளில் ஒரு நாளும், துறைமுக, கழிமுகப் பகுதிகளில் மூன்று நாள் வரையும் இறங்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. ஆய்வக முடிவுக்குக் காத்திருப்பதில்லை. இங்கிலாந்தில் 2023 இறுதிக்குள் மழையின்போது கழிவுநீர் வழியும் குழாய்களுக்கெல்லாம் கண்காணிப்புக் கருவி வைத்துவிட்டார்கள். எப்போது, எவ்வளவு நேரம் வழிந்தது என்று அது சொல்லும். எவ்வளவு அழுக்கு என்று சொல்லாது. சரி, குளிக்கப் போகிறவருக்கு அது போதாதா?

தெளிந்த தண்ணீரையும் நம்ப முடியாது. கலங்கல் அடங்கிய பிறகும் கிருமி இருக்கும். வயிற்றுப்போக்கும் காதுவலியும் அப்புறம்தான் தெரியும்.

எனவே மழை அளவை வைத்தே பலகை வைக்கட்டும். அதை வாகன நிறுத்துமிடத்து மூலையில் அல்ல, தண்ணீருக்கு இறங்கும் வழியிலேயே, படத்தோடு வைக்க வேண்டும். வைத்த தேதியும் அதில் இருக்கட்டும். போன மழைக்கு வைத்த பலகை எடுக்காமலே நின்றால், அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்