வாபஸ் தாளின் கடைசி வரியைப் படியுங்கள்

அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நியூஜெர்சியில் சிறிய கிடங்கு ஒன்றை வைத்து, கரூரிலிருந்து மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் வரவழைத்து விற்கிறேன். எங்கள் விரிப்பில் இருந்த கொடிப்பூ வடிவம் தங்களுடையது என்று ஒரு பெரிய மொத்த வியாபார நிறுவனம் எங்கள்மீது பதிப்புரிமை வழக்குப் போட்டது. இத்தகைய வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில்தான் நடக்கும். அங்கே கம்பெனிக்காக முதலாளியே நின்று வாதாட முடியாது. வக்கீல் வைத்தோம். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரி அவர் மனுத் தாக்கல் செய்தார். கையிருப்பில் பெரும்பகுதி அந்த மனுவுக்கே போயிற்று.

மூன்றாவது வாரம் எதிர்த்தரப்பிலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. வழக்கை வாபஸ் பெறுகிறார்களாம். கிடங்கில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் தாளின் கடைசி வரி, 'மீண்டும் வழக்குத் தொடரும் உரிமைக்குப் பங்கமின்றி' என்பது. ஏழு மாதம் கழித்து அதே கொடிப்பூவுக்காக இன்னொரு சம்மன் வந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

ஃபெடரல் நீதிமன்றங்களுக்கான உரிமையியல் நடைமுறை விதிகளில் 41ஆவது விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். நாம் பதில் மனுவோ (அவர்களின் குற்றச்சாட்டுகளுக்கு நாம் தரும் பதில்), முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பளிக்கக் கோரும் மனுவோ தாக்கல் செய்யும்வரை, வழக்குப் போட்டவர் ஓர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். நீதிபதியின் அனுமதி வேண்டாம், நம் சம்மதமும் வேண்டாம். தள்ளுபடி கோரும் மனு அவர்களைத் தடுக்காது. அறிவிப்பில் எதுவும் குறிப்பிடாவிட்டாலும், முதல் முறை என்றால் திரும்பவும் வழக்குப் போடலாம் என்றே பொருள். பதிப்புரிமை வழக்கில் ஜெயித்தவருக்கு வக்கீல் செலவை வாங்கித்தர நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இப்படி வாபஸான வழக்கில் நம்மை ஜெயித்தவராகப் பொதுவாக ஏற்பதில்லை. இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் முறை, சம்மன் கிடைத்த ஒன்பதாம் நாளே பதில் மனுத் தாக்கல் செய்தோம். சட்டம் தரும் அவகாசம் 21 நாள். தள்ளுபடிக்கான காரணங்களையும் அதிலேயே எழுதினோம். விதி அதை அனுமதிக்கிறது. முதல் வழக்கில் எங்களுக்கு ஆன செலவையும் கேட்டோம். அதே விதியின் கடைசிப் பிரிவு அதற்கு வழி தருகிறது. இனி அவர்கள் விலக வேண்டுமானால் எங்கள் கையெழுத்து வேண்டும், அல்லது நீதிபதியின் உத்தரவு வேண்டும்.

எல்லா வழக்குக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்: "பதில் மனு எப்போது போடப் போகிறோம்?" என்னிடம் இதைக் கேட்கச் சொல்ல அன்று யாரும் இல்லை.

எதிர்த்தரப்புடன் நான்கு மாதம் சமரசம் பேசினோம். 'மீண்டும் வழக்குத் தொடரும் உரிமையின்றி' என்று வாபஸ் தாளில் எழுதி வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அன்புடன்,
கரூர்க்காரன் ஒருவன்